ஒரே லீஸ்டு லைனில் வாய்ஸும் டேட்டாவும்: நடுச்சுவரை எடுத்தபின் நடந்தவை

புகார் வழக்கமானதுதான். கிளை அலுவலகத்தில் எல்லாமே மெதுவாக இருக்கிறது, மெயில் திறக்க நேரமாகிறது, தலைமை அலுவலக சர்வரில் ஓடும் அப்ளிகேஷன் மதியத்துக்கு மேல் உறைந்தே போகிறது. இரண்டு இடங்களையும் இணைப்பது ஒரே ஒரு இ1 லீஸ்டு லைன், அதாவது இரண்டுக்கும் நடுவே தனியாக வாடகைக்கு எடுத்த லைன். கூட இன்னொரு லைன் எடுத்துவிடலாம் என்று கோரிக்கையும் தயார். ஆனால் கையெழுத்துப் போட வேண்டியவர் நியாயமாக ஒன்று கேட்டார்: இருக்கிற லைன் நிரம்பிவிட்டதா? "நிரம்பி வழிகிறது" என்றது டேட்டா டீம். "எங்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்லையே" என்றது டெலிபோன் டீம். இரண்டு பதிலும் உண்மை.

லைன் எப்படிப் பிரிந்திருந்தது

இ1 என்றால் 2.048 எம்பிபிஎஸ். அதை 64 கேபிபிஎஸ் வீதம் 32 டைம்ஸ்லாட்டாக வெட்டியிருப்பார்கள். ஸ்லாட்டுகளின் ஒரு சுற்றுதான் ஃப்ரேம்; 0-வது ஸ்லாட் அந்த ஃப்ரேம் ஒழுங்குக்குப் போய்விடும், மிச்சம் 31. இங்கே இரண்டு முனையிலும் ஒரு மக்ஸ், அதாவது ஸ்லாட்டுகளைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி, உட்கார்ந்திருந்தது. 1 முதல் 15 வரை பிபிஎக்ஸுக்கு (அலுவலகத்தின் உள் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்), 16 சிக்னலிங்குக்கு (டயல், ரிங் போன்ற தகவல்), 17 முதல் 31 வரை வி.35 கேபிள் வழியாக ரூட்டருக்கு. ஆக வாய்ஸுக்கு 960 கேபிபிஎஸ், டேட்டாவுக்கு 960, பாதிக்குப் பாதி. எந்தக் கணக்கில் இப்படிப் பிரித்தார்கள் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை. லைன் வந்த அன்று சமமாகப் பிரித்துவிட்டால் இரண்டு டீமுக்கும் சண்டை வராது என்று யாரோ நினைத்திருக்கலாம்.

இந்த மாதிரிப் பிரிப்பில் ஒரு குணம் உண்டு. யாரும் பேசாவிட்டாலும் அந்த ஸ்லாட் 64 கேபிபிஎஸ்ஸைப் பிடித்துக்கொண்டேதான் இருக்கும். வெறும் ஐடில் பிட்டுகள் நொடிக்கு 8000 முறை அந்தப் பக்கம் போய்ச் சேரும். நடுவில் சுவர் எழுப்பின வீடு போல, ஒரு பக்கம் கூட்டம் நெரிந்தாலும் மறுபக்கத்தில் காலியாக இருக்கும் இடத்துக்குப் போக வழியில்லை. அதே சுவர் ஒரு நல்ல காரியமும் செய்துகொண்டிருந்தது. 15 கால் ஓடும்போது 16-வது ஆள் டயல் செய்தால் அவருக்கு பிஸி டோன் கிடைக்கும், பேசிக்கொண்டிருக்கும் 15 பேருக்கு அது தெரியவே தெரியாது. இதைப் பற்றி யாரும் யோசித்ததில்லை, யோசிக்க வேண்டிய தேவையும் வந்ததில்லை. பின்னால் வந்த முக்கியமான தலைவலி இங்கிருந்துதான் முளைத்தது என்பதால் இப்போதே சொல்லி வைக்கிறேன்.

அளந்து பார்த்ததில்

ரூட்டரின் டேட்டா போர்ட்டை முதலில் பார்த்தபோது 70 சதவீதம் என்று காட்டியது, "இன்னும் இடம் இருக்கிறதே" என்று சொல்லத் தோன்றும். அது 5 நிமிட சராசரி. அதை 30 நொடிக்குக் குறைத்ததும் கதை மாறியது: வேலை நேரத்தில் கோடு 960-ல் தலை முட்டி நிற்கும், சட்டென்று இறங்கும், மறுபடி முட்டும். வெளியே போகக் காத்திருக்கும் அவுட்புட் க்யூவில் டிராப்பும், அதாவது இடமில்லாமல் வீசப்படும் பாக்கெட்டும், ஏறிக்கொண்டிருந்தது. டேட்டாவைக் கொண்டுபோகும் டிசிபி அப்படித்தான், கிடைக்கிற இடத்தையெல்லாம் எடுத்துக்கொண்டு பாக்கெட் தொலைந்தால் மட்டும் பின்வாங்கும்.

பிபிஎக்ஸின் டிராஃபிக் ரிப்போர்ட்டை யாரும் அச்சடித்தே பார்த்திருக்கவில்லை. அதிகபட்சமாக ஒரே நேரத்தில் 9 கால், பிஸி ஹவரில் சுமை சுமார் 4 எர்லாங், இரவில் பூஜ்யம். டெலிபோன் ஆட்களுக்கு எர்லாங் பழக்கம், டேட்டா ஆட்களுக்காக ஒரு வரி: ஒரு மணி நேரம் முழுக்க ஒரு சேனல் பிஸியாக இருந்தால் அது 1 எர்லாங். கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்த ஆக்னர் எர்லாங் 1917-ல் வெளியிட்ட சூத்திரம்தான் இன்றும் ஓடுகிறது. அதன்படி நூற்றில் ஒரு கால் தடைபட்டால் போதும் என்று வைத்தால் 15 சேனல் சுமார் 8.1 எர்லாங் தாங்கும், 10 சேனல் 4.46 தாங்கும். 4 எர்லாங்குக்கு 10 சேனலே போதும். 5 சேனல், அதாவது 320 கேபிபிஎஸ், எந்த நேரத்திலும் யாருக்கும் உதவாமல் கிடந்தது. அதற்கு மேல் பகலின் பெரும்பகுதியில் இன்னும் ஐந்தாறு சும்மா கிடந்தன.

இருந்த வழிகள்

மிக எளிய வழி, மக்ஸில் 5 ஸ்லாட்டை டேட்டா பக்கம் தள்ளிவிடுவது. செலவில்லை, அரை மணி நேர வேலை, டேட்டா 1280 ஆகும். உண்மையில் பல இடங்களுக்கு இதுவே போதும், எனக்கு இப்போதும் அதில் சந்தேகமில்லை. ஆனால் இங்கே டேட்டாவின் வளர்ச்சி அதை ஒரே வருடத்தில் தின்றுவிடும் போலிருந்தது, சுவர் இடம் மாறுமே தவிரப் போகாது.

அடுத்தது, கால் இல்லாத ஸ்லாட்டை டேட்டாவுக்குத் தானாகத் தரும் வகை மக்ஸ். நல்ல சாதனங்கள்தான், ஆனால் இரண்டு முனையிலும் ஒரே தயாரிப்பாளரின் பெட்டி வேண்டும், ரிப்பேர் என்றால் அவர்களிடமே போக வேண்டும். டீம் விட்டுவிட்டது.

மூன்றாவது, மக்ஸையே எடுத்துவிட்டு 31 ஸ்லாட்டையும் ரூட்டருக்குக் கொடுத்து, பிபிஎக்ஸை ஒரு பிஆர்ஐ போர்ட் (பல கால்களை ஒரே கேபிளில் தரும் டிஜிட்டல் இணைப்பு) வழியாக ரூட்டரில் கோத்து, வாய்ஸை ஐபி பாக்கெட்டாக அனுப்புவது. இதைத்தான் எடுத்தார்கள்.

இந்த இடத்தில் ஒரு கணக்கு தப்பாகிவிடும், பலருக்கும் தப்பாகியிருக்கிறது. ஐபி-யில் போட்டால் வாய்ஸ் மலிவு என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வார்கள். ஜி.711 கோடெக்கில் (குரலை டிஜிட்டல் பிட்டாக்கும் முறை) 20 மில்லிசெகண்டுக்கு ஒரு பாக்கெட் என்றால் ஒவ்வொன்றிலும் 160 பைட் குரல், அதன் தலையில் ஐபி 20, யுடிபி 8, ஆர்டிபி 12 என 40 பைட் ஹெடர், லைனில் ஏறும்போது பாக்கெட்டைச் சுற்றும் பிபிபி-க்கு இன்னும் 6. நொடிக்கு 50 பாக்கெட். பெருக்கினால் ஒரு காலுக்கு 82.4 கேபிபிஎஸ். அதாவது பழைய ஸ்லாட்டைவிட அதிகம்! 10 கால் ஒரே சமயத்தில் போனால் 824, கிட்டத்தட்ட பழைய 960-தான். குரலைச் சுருக்கும் ஜி.729-க்கு மாறினால் குரல் வெறும் 20 பைட், ஹெடர் அதே 46, மொத்தம் 26.4 கேபிபிஎஸ். 8 கேபிபிஎஸ் கோடெக் என்று பெயர், லைனில் எடுப்பது மூன்று மடங்குக்கு மேல். பாக்கெட்டில் பெரும்பங்கு விலாசம்தான். 10 காலுக்கு 264.

ஹெடரைச் சுருக்கும் வழியும் இருக்கிறது, ஆர்டிபி ஹெடர் கம்ப்ரெஷன். 40 பைட்டை 2 முதல் 4 பைட்டாக்கிவிடும், கால் 11 கேபிபிஎஸ் அளவுக்கு இறங்கும். ஆனால் ரூட்டரின் சிபியு மேல் பாரம் ஏறும், ஒரு ஹாப்புக்கு மட்டுமே செல்லும். 264-ஐ லைன் தாராளமாகத் தாங்கும் என்பதால் அதைத் தொடவில்லை. பேச்சு இல்லாத நேரத்தில் பாக்கெட்டை நிறுத்தும் வேட் வசதியையும் அணைத்தே வைத்தார்கள். அது சராசரியில் மிச்சம் பிடிக்கும்தான், ஆனால் 10 பேரும் ஒரே நேரத்தில் பேசும் நொடிக்குத்தான் லைனை அளவெடுக்க வேண்டும், போதாக்குறைக்கு வாக்கியத்தின் முதல் எழுத்தை வெட்டித் தின்றுவிடும்.

க்யூ அமைப்பு

வாய்ஸ் பாக்கெட்டுக்கு டிஎஸ்சிபி 46, அதாவது ஹெடரில் போடும் இஎஃப் என்ற முன்னுரிமை முத்திரை; அது ப்ரையாரிட்டி க்யூவுக்குப் போகும், அங்கே என்ன இருந்தாலும் முதலில் கிளம்பும். 264-உடன் ஃபேக்ஸுக்காக ஒரு ஜி.711 கால் அளவு 82 சேர்த்தால் 346, கொஞ்சம் தாராளமாக 384 என்று வைத்தார்கள். 31 ஸ்லாட்டும் சேர்ந்த 1984 கேபிபிஎஸ் லைனில் இது ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ப்ரையாரிட்டி மூன்றில் ஒன்றைத் தாண்டக்கூடாது என்ற நடைமுறை விதிக்கு உள்ளேதான். சிக்னலிங்குக்கும் முக்கிய அப்ளிகேஷனுக்கும் தனித்தனி பங்கு, மிச்சமெல்லாம் பொதுக் க்யூ. பிசி-க்களிலிருந்து வரும் முத்திரையை ஸ்விட்ச் போர்ட்டிலேயே அழித்தார்கள். இல்லாவிட்டால் ஏதாவது ஒரு சாஃப்ட்வேர் தன் பாக்கெட்டுக்கெல்லாம் 46 போட்டுக்கொண்டு முன்வரிசையில் வந்து நிற்கும்.

1500 பைட் டேட்டா பாக்கெட் ஒன்று லைனில் ஏறிக்கொண்டிருக்கும்போது வாய்ஸ் வந்தால், முன்னுரிமை இருந்தாலும் அது முடியும்வரை காத்திருக்க வேண்டும். இந்த வேகத்தில் அது 6 மில்லிசெகண்ட், கவலையில்லை. 64 கேபிபிஎஸ் என்றால் 187 மில்லிசெகண்ட், பேச்சே நடக்காது. 768-க்குக் கீழே உள்ள லைன்களில் பெரிய பாக்கெட்டைத் துண்டுபோட்டு நடுவில் வாய்ஸை நுழைக்கச் சொல்வது இதனால்தான்.

மாற்றியதும் டேட்டா பக்கம் உடனே மூச்சு வந்தது. பத்துக் கால் ஓடினாலும் 1600-க்கு மேல் கிடைக்கும், யாரும் பேசாவிட்டால் முழு 1984-ம் அதற்குத்தான். அந்தப் பக்கம் பற்றி இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை. இனிமேல் வருவதெல்லாம் டெலிபோன் பக்கத்துக் கதை.

எக்கோ, ஃபேக்ஸ், ஹோல்ட் மியூசிக்

முதலில் வந்தது எக்கோ. "என் குரலே எனக்குத் திரும்பி வருகிறது" என்று தலைமை அலுவலகத்தில் புகார், எனவே தலைமை அலுவலக போர்ட்டுகளையெல்லாம் நோண்டினார்கள். நோண்ட வேண்டிய இடம் கிளை. பேசுகிறவர் தன் குரலைத் திரும்பக் கேட்கிறார் என்றால் அது மறுமுனையில்தான் மோதித் திரும்புகிறது, இரண்டு ஒயர் அனலாக் போனும் நான்கு ஒயர் பாதையும் சேரும் இடத்தில். இந்த எக்கோ புதிதாகப் பிறந்ததும் அல்ல. மக்ஸ் காலத்திலும் இருந்தது, சில மில்லிசெகண்டில் திரும்பியதால் காது பிரித்துப் பார்க்கவில்லை. இப்போது கோடெக்குக்கு 25, முன்பின்னாக வரும் பாக்கெட்டைச் சீராக்கும் ஜிட்டர் பஃபருக்கு 40 முதல் 60 என்று சேர்ந்து ஒரு வழித் தாமதம் 80 மில்லிசெகண்டை ஒட்டி வந்துவிட்டது. ஒரு வழி 150 வரை நல்லது என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியு-வின் ஜி.114 பரிந்துரை, ஆக தாமதம் தப்பில்லை. ஆனால் போய்வர 160 எடுத்தால் எக்கோ தெளிவாகக் கேட்கும். கிளையின் அனலாக் போர்ட்டில் இம்பீடன்ஸைப் பொருத்தி, லெவலைக் கொஞ்சம் இறக்கி, எக்கோ கேன்சலர் கவனிக்கும் கால அளவைக் கூட்டியதும் அடங்கியது.

ஃபேக்ஸ் விஷயம் சுவாரசியமானது. ஜி.729 மனிதக் குரலுக்காகச் செய்தது, ஃபேக்ஸ் மெஷினின் ஓசையை அது சிதைத்துவிடும் என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் ஃபேக்ஸை ஐபி-யில் அனுப்புவதற்கென்றே உள்ள டி.38 போட்டிருந்தார்கள். அப்படியும் பாதிப் பக்கத்தில் அறுந்தது. கோடெக்கைத் திட்டினார்கள், டி.38-ஐ அணைத்து ஜி.711-ல் விட்டுப் பார்த்தார்கள், மாற்றமில்லை. கடைசியில் பிஆர்ஐ போர்ட்டில் ஸ்லிப் கவுண்டர் ஏறிக்கொண்டிருப்பதை ஒருவர் கவனித்தார். மக்ஸ் இருந்தவரை பிபிஎக்ஸ் தன் கிளாக்கை லைனிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தது. மக்ஸ் போனதும் பிபிஎக்ஸும் ரூட்டரும் ஆளுக்கொரு கிளாக்கில் ஓடின. இரண்டும் இம்மியளவு விலகினாலும் அவ்வப்போது ஒரு ஃப்ரேம் தொலையும் அல்லது இரட்டிக்கும். 125 மைக்ரோசெகண்ட் குரல் தொலைந்தால் பேசுகிறவருக்கு ஒரு மெல்லிய டிக், அவ்வளவுதான். ஃபேக்ஸுக்கு அது சாவு. ரூட்டரை லைன் கிளாக்குக்கும் பிபிஎக்ஸை ரூட்டருக்கும் கட்டியதும் சரியானது.

ஹோல்ட் மியூசிக் கேட்க சகிக்கவில்லை என்றும் ஒரு புகார் வந்தது. ஜி.729-ல் இசை அப்படித்தான் ஒலிக்கும், செய்வதற்கு ஒன்றுமில்லை, சாதாரண பீப் போட்டுவிட்டார்கள். கிளைக்கு வந்த காலை யாருடைய மொபைலுக்காவது திருப்பிவிட்டால் குரல் மங்குவதும் இதே குடும்பம்தான். ஒருமுறை சுருக்கியதை விரித்து மறுபடி வேறு கோடெக்கில் சுருக்கினால் ஒவ்வொரு முறையும் தரம் கொஞ்சம் போகும்.

ஒரு திசையில் மட்டும் குரல் உடைந்தது பற்றி ஒரு வரி போதும்: கிளை ரூட்டரில் க்யூ பாலிசி எழுதியிருந்தது, இன்டர்ஃபேஸில் மாட்டவில்லை. க்யூ என்பது வெளியே போகும் பாக்கெட்டுக்குத்தான், ஆகவே இரண்டு முனையிலும் வேண்டும்.

பதினோராவது கால்

சில மாதம் அமைதி. அப்புறம் கிளையில் ஒரு புதிய தளம் திறந்து அங்கே பழைய பிபிஎக்ஸ் நீட்டிப்புகளுக்குப் பதிலாக ஐபி போன் வைத்தார்கள். அதிலிருந்து சில வாரத்தில் ஒரு விசித்திரமான புகார்: காலையில் சில நிமிடங்களுக்கு எல்லாருடைய பேச்சும் ஒரே நேரத்தில் உடைகிறது, பழைய போன், புதிய போன், வித்தியாசமே இல்லை, அப்புறம் தானாகச் சரியாகிறது. லைனில் எரர் இல்லை. பிங் (சோதனைப் பாக்கெட்) போட்டுப் பார்த்தால் சுத்தம், பிங் போவது பொதுக் க்யூவில் என்பதால் அது எதையும் சொல்லாது.

க்யூ புள்ளிவிவரத்தில் ப்ரையாரிட்டி வகுப்பின் டிராப் எண்ணைப் பார்த்ததும்தான் விளங்கியது. 10 கால் என்ற வரம்பு கேட்வேயில், அதாவது பிபிஎக்ஸைக் கோத்த ரூட்டரில், இருந்தது, பிபிஎக்ஸிலிருந்து பிஆர்ஐ வழியாக வரும் கால்களை மட்டுமே அது எண்ணும். புதிய ஐபி போன்கள் தலைமை அலுவலகத்தின் கால் சர்வரில் பதிவாகி நேரே ஐபி-யில் பேசின, கேட்வே பக்கமே வரவில்லை. போதாததற்கு அவற்றின் இயல்பான கோடெக் ஜி.711. பிபிஎக்ஸ் பக்கம் 10 கால் 264, ஐபி போன் இரண்டு 165, கூட்டினால் 429. க்யூவுக்கு அனுமதி 384.

இங்கே ப்ரையாரிட்டி க்யூவின் குணம் தெரிய வேண்டும். அதற்கு கால் என்றால் என்னவென்றே தெரியாது, பாக்கெட்தான் தெரியும். அளவைத் தாண்டினால் "கடைசியாக வந்தவர் யார்" என்று பார்க்காது, அந்த நொடியில் எது கையில் சிக்குகிறதோ அதை வீசும். 10 சதவீத பாக்கெட் போகிறது என்றால் ஒரு கால் கெடவில்லை, 12 காலும் ஆளுக்குக் கொஞ்சம் கெடுகின்றன. வாய்ஸுக்கு 1 சதவீதத்துக்கு மேல் போனாலே காதில் உறுத்தும். பழைய மக்ஸில் கூடுதலாக வந்த ஆளுக்குத்தான் பிஸி டோன், இங்கே கூடுதலாக வந்தவர் உள்ளே வந்து எல்லாருடைய பேச்சையும் கெடுக்கிறார். இன்னொரு கண்ணாமூச்சியும் உண்டு: பல ரூட்டர்கள் இந்த வரம்பை லைன் நெரியும்போது மட்டுமே அமல்படுத்தும். டேட்டா குறைவாக இருக்கும் நேரத்தில் 15 கால் போட்டுச் சோதித்தாலும் எல்லாம் ஜோராக இருக்கும். காலையில் எல்லோரும் லாகின் செய்து மெயில் இழுக்கும் அந்தச் சில நிமிடங்களில் மட்டும் உடையும்.

முதலில் வந்த யோசனை 384-ஐ 512 ஆக்குவது. நான் அதற்கு எதிராகவே பேசினேன். இன்றைக்கு அடங்கும், நாலு போன் கூட வந்ததும் மறுபடி இதே இடத்துக்கு வரும். எத்தனை கால் போகலாம் என்று எண்ணுகிற இடம் ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும், எல்லாக் காலும் அதன் வழியாகத்தான் அனுமதி வாங்க வேண்டும். கால் சர்வரில் கிளையை ஒரு லொகேஷனாக வைத்து, இரண்டு இடங்களுக்கு நடுவே ஜி.729 மட்டும் என்று கட்டி, பிபிஎக்ஸ் கேட்வேயையும் அதே கணக்கில் சேர்த்தார்கள். வரம்பு நிறைந்தால் அடுத்த கால் பொதுத் தொலைபேசி டிரங்க் வழியாகச் சுற்றிப் போகும். பிபிஎக்ஸ் காலத்தில் இரண்டு அலுவலகத்தையும் இணைத்த டை லைன் நிறைந்தால் இதே வழிதான், அந்த ரூட்டிங் பட்டியலையே மறுபடி உயிர்ப்பித்தார்கள். ப்ரையாரிட்டி டிராப் பூஜ்யத்தைத் தாண்டினால் உடனே அலாரம் வரும்படியும் வைத்தார்கள். அது நெரிசலுக்கான அலாரம் இல்லை, எண்ணுகிற இடத்தை எங்கோ ஒரு போன் சுற்றிக்கொண்டு போகிறது என்பதற்கான அலாரம்.

இ1 போய் ஈதர்நெட் வந்தபோது

பின்னர் லைன் தருபவர் இ1-க்குப் பதிலாக அதே 2 எம்பிபிஎஸ் சேவையை 100 எம்பிபிஎஸ் ஈதர்நெட் போர்ட்டில் கொடுத்தார். கேபிள் மாற்றினார்கள், பாலிசியை அப்படியே புது இன்டர்ஃபேஸில் ஒட்டினார்கள், டேட்டா ஏறியதுமே குரல் உடைந்தது. ரூட்டரின் கண்ணில் அது 100 எம்பிபிஎஸ் போர்ட், 2 எம்பிபிஎஸ் போனால் நெரிசலே இல்லை, நெரிசல் இல்லாவிட்டால் க்யூவே உருவாகாது, யாரை முன்னால் விடுவது என்ற கேள்வியே எழாது. நெரிசல் நடந்தது மறுபக்கம், சேவை தருபவரின் பெட்டியில். அங்கே 2 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டியதெல்லாம் வாய்ஸா டேட்டாவா என்று பார்க்காமல் வெட்டப்பட்டது.

இதற்கு மருந்து ஷேப்பிங். வெளியே ஒரு பாலிசி மொத்தத்தையும் 2 எம்பிபிஎஸ்ஸுக்குச் சற்றுக் கீழே பிடித்து வைக்கும், அதற்குள்ளே பழைய க்யூ பாலிசி. "சற்றுக் கீழே" என்பது முக்கியம், ஏனென்றால் ஈதர்நெட் ஹெடரை யார் எப்படி எண்ணுகிறார்கள் என்பதில் இரு பக்கமும் ஒத்துப்போகாது, வாய்ஸ் மாதிரிச் சின்னப் பாக்கெட்டில் அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியும். பிபிபி-யின் 6 பைட் போய் 18 பைட் வந்ததால் ஜி.729 கால் 26.4-லிருந்து 31.2 ஆனது, 10 காலுக்கு 312. ஃபேக்ஸுக்கான ஜி.711 கால் 87. சேர்த்தால் 399, ஆகவே 384-ஐ 420 ஆக்கினார்கள். இந்த முறை எண்ணை ஏற்றியதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, கால் எண்ணிக்கை மாறவில்லை, காலின் எடைதான் மாறியது.

இரண்டாவது லைன் கோரிக்கை ஒருவழியாக நிறைவேறியது, ஆனால் பேக்கப்பாக, 512 கேபிபிஎஸ் சீரியல் லைன். அதில் 1500 பைட் பாக்கெட் ஏற 23 மில்லிசெகண்ட் ஆகும், எனவே அங்கே துண்டுபோடும் வேலை கட்டாயம். மூன்றில் ஒரு பங்கு என்று பார்த்தால் வாய்ஸுக்கு 170, ஜி.729-ல் 5 கால் 132, ஆறாவதும் நுழையும், டீம் 5-லேயே நிறுத்தியது. சிக்கல் என்னவென்றால் கால் சர்வரில் வரம்பு ஒரு நிலையான எண். லைன் மாறியதை ரூட்டர் அறியும், சர்வர் அறியாது, அது 10 காலையும் உள்ளே விட்டுக்கொண்டே இருக்கும். தானாக மாற்றும் ஸ்கிரிப்ட் எழுதலாமா என்று பேச்சு வந்து, தற்போதைக்கு வேண்டாம் என்று முடிவானது. லைன் பேக்கப்புக்குத் தாவினால் டியூட்டியில் இருப்பவருக்கு மெசேஜ் போகும், அவர் சர்வரில் 10-ஐ 5 ஆக்க வேண்டும், மெயின் லைன் திரும்பியதும் மறுபடி 10.